அது பேசுமா என்று கேட்டவளுக்கு

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு மடிக்கணினி வாங்கவென்று வவுனியாவில் ஒரு கடையில் நின்றேன். பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக்கின் மணம் வந்தது. கடைக்காரர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அது பேசுமா என்று கேட்டபடி பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது.

உருத்திரபுரத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உன் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஒரே வகுப்பில் படித்தோம். சண்டையில் செல் குண்டின் துண்டு பட்டு உனக்குக் கண்பார்வை போனபோது ஊரே உனக்காக இரங்கியது. நீயோ சட்டம் படிக்கப்போவதாகச் சொன்னாய். பின்னேரங்களில் நான் வந்து பாடங்களை வாசித்துக் காட்டினேன். அது உனக்குப் போதவில்லை.

"நீ வந்து படலை திறக்கிற சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தே எனக்கு வயசு போயிடுமடி," என்றாய்.

அப்போதுதான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பற்றி அறிந்து வந்தாய். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் அதிலேயே இருக்கிறது, நிறுவும்போதே பேசத் தொடங்கும், எவருடைய கண்ணும் தேவையில்லை என்று சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதை நான்தான் பார்த்தேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து உன் சித்தப்பா அனுப்பிய கணினியில் அதைப் போட்டபோது படம் பளிச்சென்று வந்தது, ஒலி மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த ஒலிச் சில்லு லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை. உனக்கு அது வெறும் தகடு. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாய்.

அடுத்ததை வாங்குமுன் நீ பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வியப்புத்தான். கைபேசியைக் காதோடு வைத்து, வேறு வேறு நாட்டுக்காரர் எழுதிய அனுபவங்களையெல்லாம் கேட்டாய். "மொடலின்ர பேர் மட்டும் காணாதடி. பின்னால வாற எழுத்து, இலக்கம் எல்லாம் வேணும். ஒரே பேரில உள்ளுக்க வேற வேற சில்லு வைப்பாங்கள்," என்று எனக்குச் சொன்னாய். பிறகு லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவோடு என்னையும் இழுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினாய்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணர், நானா என்றே கூப்பிட்டோம்; நல்ல மனிதர். பென்டிரைவைச் செருகப் போகிறோம் என்றதும் சற்றுத் தயங்கினார்.

"உள்ளுக்க இருக்கிறது ஒண்டும் அழியாது, நானா. வாங்கிக்கொண்டு போய் அழுறதை விட இஞ்சையே பாத்திட்டுப் போறனே," என்றாய். காட்சிக்கு வைத்திருந்த மெல்லிய, அழகான கணினியை அவர் எடுத்து வைத்தார். லினக்ஸ் எழும்புமுன் வரும் தொடக்க அமைப்புகளின் திரை பேசாது. அதை மட்டும் நான் வாசித்துச் சொன்னேன், நீ விசைகளை அழுத்தினாய். திரை முழுதும் நிறம் விரிந்தது.

"வந்திட்டுது!" என்று கத்தினேன்.

"பொறு. எனக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை."

குரலை எழுப்பும் விசைகளை மறுபடி மறுபடி அழுத்தினாய். அமைதி.

"படம் வடிவா வருதே, தங்கச்சி," என்றார் நானா.

"உங்களுக்கு வருது, நானா," என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். அவர் உள்ளே போய், யாரோ பாவித்துக் கொடுத்த தடித்த பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். நீ கேட்டறிந்ததில் தேறி நின்ற மொடல்களில் அதுவும் ஒன்று.

அது பேசியது. தகரத்தில் ஆணி கீறுவது போன்ற ஒரு குரல். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உடனே மூடியை மூடித் திறந்தாய். உறங்கி எழுந்தும் அது பேசியது. ஹெட்போனை மாட்டினாய், வைஃபையைத் தொடுத்தாய், குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாய். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் இரைச்சலாயின. நீ தலையாட்டிக்கொண்டு கேட்டாய்.

"இது உங்களுக்கு விளங்குதா, பிள்ளை?" என்று நானா கேட்டார்.

"ஓம் நானா. இது கொஞ்சம் மெதுவு."

அந்தத் தடித்த கணினியில்தான் நீ சட்டம் படித்து முடித்தாய். மீளக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் காணி விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தாய். பிறகு வந்த நோய் உனக்கு அவகாசம் தரவில்லை.

முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு உன் அம்மா என்னைக் கூப்பிட்டா. "அது கதைக்காமல் வீடு வீடாயில்லை, பிள்ளை. ஒருக்காப் போட்டு விடு," என்றா. போட்டேன். நீ விட்டுப்போன வேகத்திலேயே குரல் பாய்ந்தது; ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் இருட்டு என்று நினைத்து இரங்கிய இடத்தில், நீ எங்களில் எவராலும் எட்ட முடியாத வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

வேகத்தைக் குறைத்துக் குறைத்து, எனக்கு விளங்கும் இடத்தில் நிறுத்தினேன். இப்போது ஞாயிறுகளில் போய், உன் சட்டப் புத்தகங்களை அதில் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் வேகத்தைச் சற்றுக் கூட்டுகிறேன். உன் வேகத்தில் பாதிக்கும் வரவில்லை.

போன ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். உன் அம்மா குசினி வாசலில் நின்று, "என்னவாம் சொல்லுது?" என்று கேட்டா.

"பொறுங்கோ அம்மா," என்றேன், "இந்தப் பக்கத்தை முடிச்சிட்டுச் சொல்லுறன்."