மாமன் மடி இல்லாத காதுகுத்து

26.4.76, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழாயில் தண்ணீர் இல்லை. தல்லாகுளம் ஆபீசுக்கு நடந்தே போனேன். ஜாக்கெட் தொப்பல்.

வக்கீல் ஐயாவுக்கு இன்றைக்கும் மனு டைப். எல்லாம் மிசா கேஸ். என் கணவரை, என் மகனை, என் அண்ணனைப் பிடித்துப் போனார்கள், காரணம் சொல்லவில்லை, கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரை மாற்றினால் அடுத்த மனு ரெடி. என் தம்பி செல்வராசுக்கும் நான்தான் டைப் அடித்தேன். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தூங்குகிறது. டெல்லியில் பெரிய கோர்ட் சொன்னால்தான் அசையுமாம்.

வெள்ளிக்கிழமை மகள் மல்லிகாவுக்குக் காதுகுத்து. ஏற்கெனவே தள்ளிப் போட்டது. வாங்க வேண்டியது: தேங்காய், பழம், சந்தனம், பச்சரிசி, வெல்லம், பட்டுப் பாவாடை. தோடு வாங்கியாச்சு. தாய்மாமன் கொண்டு வர வேண்டிய தோட்டை நாமே வாங்குகிற கொடுமை.

இவர் கடுகடுவென்று இருக்கிறார். கண்டக்டர் வேலை போய்விடுமோ என்று பயம். இனித் தள்ள முடியாது, சித்தப்பா மகன் ராமசாமியை மாமனாக உட்கார வைப்போம் என்கிறார். அவனும் எனக்குத் தம்பி முறைதான். சரி என்றேன். மனசு சரி என்று சொல்லவில்லை.

27.4.76, செவ்வாய்

ஜெயிலுக்குப் போனேன். மனு எழுதிக் கொடுத்து, காத்திருந்து, காத்திருந்து. கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி. கழுத்து எலும்பு தெரிகிறது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காதுகுத்துக்கு ஒரு நாள் விடச் சொல்லிக் கேட்டிருந்தோம். முடியாது என்று வந்துவிட்டது. அவன் சிரித்தான்.

"எனக்காக நிறுத்தாதீகக்கா. பிள்ளைக்குக் காதக் குத்தீருங்க. என் சைக்கிள் இன்னும் ஸ்டேசன்லயா கெடக்கு?"

அங்கேதான் கிடக்கிறது. எடுக்கப் போக எவருக்கும் தைரியம் இல்லை.

அந்தச் சைக்கிளை நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. தை மாதக் கடைசி. மெட்ராசில் ஆட்சியைக் கலைத்ததும் கட்சிக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு தோட்டத்தில் பதுங்கிவிட்டார்கள். இவன் மில் யூனியனில் ஒரு கிளைச் செயலாளர், அவ்வளவுதான். காதுகுத்துக்கு மைக் செட் கட்டணும், பர்மிசன் இல்லாமல் கட்டினால் தப்பு என்று அவனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனான். ஊரில் காதுகுத்து என்றால் விடிகாலையிலேயே குழாய் ஸ்பீக்கர் பாடணும், இல்லாவிட்டால் மாமனுக்கு மரியாதை இல்லை. ஸ்டேசனில், உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம், உக்காரு என்றார்களாம். உட்கார்ந்தவன்தான். சட்டத்தை மதித்துப் போன ஒரே ஆள், மாட்டிய முதல் ஆள். பாவி.

28.4.76, புதன்

பாவாடை வாங்கியாச்சு. அரக்குச் சிவப்பு.

பஸ்ஸில் ஒருவர்: "இப்ப ஆபீசுல எல்லாரும் டயத்துக்கு வந்துர்றாங்ய." பக்கத்து ஆள்: "பேசாம வாங்கண்ணே." நல்லதாகப் பேசினால்கூடப் பயம்.

இதையெல்லாம் எழுதாதே என்கிறார் இவர். எழுதாமல் எங்கே கொட்டுவது?

29.4.76, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது.

ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷினில் பாதி அடித்த மனு. அடிக்கட்டுமா ஐயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றேன்.

"பிடிச்சது சரியா தப்பாங்குறது அப்புறம் பாக்குற விசயம், பாக்கியம். ஏன் பிடிச்சீகன்னு கோர்ட்ல கேக்குற உரிமையே இப்ப கெடையாது. நெருக்கடி நிலை தீருற வரைக்கும்."

"எப்பத் தீரும்யா?"

"அதையும் அவுகதான் சொல்லணும்."

தப்பாகப் பிடித்திருந்தால்? அதையும் கேட்க முடியாது. உள்ளே உயிருக்கு ஏதாவது ஆனால்? அதையும்தான் என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. அஞ்சு நீதிபதியில் ஒருத்தர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர் நல்லா இருக்கட்டும். ஆனால் ஒருத்தர் போதவில்லையே.

மெஷினிலிருந்து தாளை உருவினேன். கார்பன் கையெல்லாம் ஒட்டியது. வீட்டுக்கு வந்து அரிசி ஊறப் போட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவர் பார்த்துவிட்டு மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

30.4.76, வெள்ளி

அலங்காநல்லூர்ப் பக்கம், எங்கள் குலசாமி கோயில். விடியும்போதே போய்விட்டோம். மைக் செட் இல்லை. காக்கா சத்தம்தான். சொன்னவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் சும்மா கோயிலுக்கு வந்த மாதிரி சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

மொட்டை போட்டாச்சு. சந்தனம் பூசியாச்சு. ஆசாரி ஊசியைத் தயார் செய்துவிட்டு மாமன் எங்கே என்றார்.

ராமசாமி வரவில்லை. அவன் பெண்டாட்டிதான் வந்தாள், கண்ணைப் பார்க்காமல் பேசினாள். "அவுக வரமாட்டாகளாம் மதினி. உள்ள இருக்கவுக எடத்துல உக்காந்தா இவுக பேரையும் எழுதிக்கிருவாகளாம்."

சரி, என் மடியில் வைத்துக் குத்துங்கள் என்றேன். பெரிய மாமனார், பெத்தவள் மடியில் குத்துகிற வழக்கம் இல்லை என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அங்கேயும் ஏன் என்று கேட்க முடியாது போலிருக்கிறது. முறையுள்ள வேறு ஆண்கள் இரண்டு பேர் நின்றார்கள், இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆசாரி ஊசியைத் துடைத்து உள்ளே வைத்தார். அவர்மேல் தப்பில்லை.

மொட்டைத் தலையும் பட்டுப் பாவாடையும் வெறும் காதுமாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கூட்டம். முன் சீட்டில் ஒட்ட வெட்டிய தலையும் காக்கிப் பேண்டுமாக ஒருவர். போலீசோ, வேறு யாரோ.

மல்லிகா சத்தமாகக் கேட்டாள்: "செல்வராசு மாமாவ எதுக்கும்மா ஜெயில்ல வச்சிருக்காக?"

அந்த ஆள் திரும்பினார். நான் அவள் வாயைப் பொத்தினேன். கொஞ்சம் அழுத்தமாகவே. காதோடு சொன்னேன், அதெல்லாம் கேக்கக் கூடாது.

அப்புறம் வீடு வரும் வரைக்கும் அவள் எதுவும் கேட்கவில்லை.