நாலு ஓம் ஸ்பீக்கரும் உன் காலடியும்

அன்பு மகள் சின்னுவுக்கு,

ஆண்டவன் தயவில் இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதே என் தினசரிப் பிரார்த்தனை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நீ அனுப்பிய ஐந்து ஸ்பீக்கரும் கனத்த அடிச்சத்தம் தரும் அந்த பேஸ் பெட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தன, பார்த்ததும், இனிமே இந்த வீட்ல அதுங்க உட்காரும், நாம நிக்கணுமா என்றார். பேங்க் வேலையை விட்டு சினிமாவுக்குச் சத்தம் கொடுக்க நீ கிளம்பிப் போனதிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை, உன் போன் வந்தால் பால்கனிக்கு நழுவிவிடுகிறார். திரையில் கதாநாயகி நடக்க, அதைப் பார்த்து நீ மூடிய அறைக்குள் நடந்து காலடிச் சத்தம் தருகிறாய் என்று விளக்கினால், நடக்கிறதுக்கெல்லாம் சம்பளமா, அப்ப தபால்காரர் கோடீஸ்வரர் ஆகியிருக்கணுமே என்கிறார். அதனால் நீ பார்க்கச் சொன்ன படத்தில் கதாநாயகிக்காக நடப்பது நீதான் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை, சும்மா படம் பார்க்கலாம் வாங்க என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த ஸ்பீக்கர்களை ஓட்ட ஆம்ப்ளிஃபையர் வாங்கியதில் முதலில் ஏமாந்தது நான்தான். பெட்டி மேல் ஆயிரம் வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது, காய்கறிக் கணக்கைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறவள் அதை அப்படியே நம்பிவிட்டேன். அடக்கமான காட்சிகளில் நன்றாகத்தான் பாடியது, கூட்டமும் வாத்தியமும் சேர்ந்து வந்ததும் கொதித்துப்போய் டக்கென்று அணைந்துவிட்டது. உன் பொண்ணு மாதிரியே கோச்சுக்கிட்டுப் போயிடுச்சு என்றார் அப்பா. மறுநாள் ஸ்பீக்கரின் முதுகைத் துடைத்துப் படித்தேன், மின்தடை நாலு ஓம் என்றிருந்தது. ஆம்ப்ளிஃபையரின் புத்தகத்திலோ ஆறு ஓமும் அதற்கு மேலும் என்றிருந்தது. ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் அதிகமாகக் கரண்ட் இழுக்குமாம், வாய் அகலமான குழாய்க்குச் சின்ன மோட்டார் தண்ணீர் தள்ள முடியாமல் மூச்சு வாங்குகிற மாதிரி. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, அந்த ஆயிரம் பெட்டிக்கு மேல இருக்கிற ஆயிரம்மா, எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடினா தலைக்கு அறுபதுகூடத் தேறாது என்றார், அதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே என்றேன், நீங்க கேக்கலையே என்கிறார். நாலு ஓமுக்கு என்று தெளிவாக எழுதியிருந்த, ஐந்தும் ஓடும்போதே ஒவ்வொன்றுக்கும் நூறு வாட்ஸ் தருகிற ஒன்றை மாற்றி எடுத்து வந்தேன். மூட்டை போல் கனம், பார்க்க வெறும் கறுப்புப் பெட்டி. இந்த விலைக்கு ரெண்டு விளக்காவது எரியும்னு நெனச்சேன் என்றார் அப்பா.

சின்னு, அதன்பின் அதே படத்தை மறுபடி போட்டுக் கேட்டதை எப்படி எழுதுவேன், அறை முழுக்கச் சத்தம் நிரம்பியும் காது வலிக்கவில்லை, கதாநாயகியின் புடவை உரசுவது கேட்டது, பேசுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது, ஆண்டவன் கொடுத்த இந்தக் காதை இத்தனை வருஷம் பாதிதான் பயன்படுத்தியிருக்கிறேன் என்று தோன்றி மெய்சிலிர்த்துப்போனது. அவள் வீட்டை விட்டுப் படியிறங்கும் இடம் வந்தது. வலது குதிகாலைக் கொஞ்சம் இழுத்து, கடைசி இரண்டு படியை ஒன்றாகத் தாண்டி. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், இது நம்ம புள்ள நடைடீ, இப்படித்தான் போனா என்றார். நீ போன அன்று உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாரே, அன்று அவருக்குக் கிடைத்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அப்புறம் அவர் தண்ணீருக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவள் திரும்பி வந்து படியேறும் காலடி, வாசல் பக்கம் வைத்திருந்த பின் ஸ்பீக்கர்களில் வந்தது, நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி வாசலைப் பார்த்தோம். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. நடந்தே இவ்வளவும் சொல்லிட்டாளே என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு வெகுநேரம் கையெடுத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார், எந்தச் சாமியை என்று நான் கேட்கவில்லை.

கடவுள் உன் காலுக்கும் காதுக்கும் துணையிருக்கட்டும், ஈரத் தரையில் பார்த்து நட, வேலை நேரத்தில் பட்டினி கிடக்காதே. ஒன்று மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவர்தான் எடுப்பாராம். மணி அடித்து நின்றதும், பழக்கதோஷத்தில் அம்மா என்று ஆரம்பித்துவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா