பின்சுவரில் எண்ணெய்க் கறை

பங்குனி 9, சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ்.

அப்பா கட்டிக்கொண்ட சின்னம்மா நாளை வருகிறார். அதற்காக இந்த வெயிலில் வீட்டுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தோம். முன்பக்கம் அப்பா, பின்பக்கம் நான்.

பின்சுவரில் அம்மா தலை சாய்த்து உட்காரும் இடத்தில் எண்ணெய்க் கறை. அம்மா தவறிப்போய், நான் பள்ளியை விட்டு ஒரு வருடமாகிறது. மூன்று தடவை அடித்தேன். காயக் காயச் சுவரெல்லாம் வெளுத்தது. அந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு மேரியக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னடி, மாடு நக்கின மாதிரி இருக்கு? எண்ணெ மேல சுண்ணாம்பு நிக்குமா? சுரண்டிட்டு அடி லா."

அப்பாவும் முன்பக்கத்திலிருந்து, "சுரண்டிரும்மா, வர்றவங்க பாத்தா நல்லா இருக்காது" என்றார்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. சிரட்டையால் சுரண்டினேன். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. பிறகு அடித்தேன்.

சாயங்காலம் அப்பா கை கழுவ வந்தவர் அந்த இடத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் சுரண்டிட்டியா?"

தலையை ஆட்டினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து, ஈரச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எழுந்தபோது பின்தலையெல்லாம் வெள்ளை.

அவர் சாய்ந்த இடத்தில் சுண்ணாம்பு போயிருக்கிறது. விடிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும்.