பூவாத்தாள் என்கிற பேர்

பொங்கலூர்,
செவ்வாய்க்கிழமை.

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. உன் பேரைப் போடாமல் ஆரம்பிக்கிறேன். ஏன் என்பது கீழே வரும்.

உன் கடிதத்தைக் கீதாஞ்சலி கொண்டுவந்து கொடுத்தாள். நம் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருக்கிறாளே, அவள்தான். என் போனை உன் அண்ணன் சதீஷ்குமார் பிடுங்கி வைத்திருக்கிறான். இனி எழுதினாலும் அவள் வீட்டுக்கே எழுது. உறைமேல் உன் ஊர்ப் பேரைப் போடாதே.

ஏழாம் மாதம் என்று எழுதியிருக்கிறாய். வாந்தி நின்றதா? சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கு. இதைக் கேட்பதால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நம் கம்பெனி டெய்லர் செல்வக்குமாரோடு நீ போன மறுநாளே உன் துணிமணி, கொலுசு, பள்ளிக்கூடப் போட்டோ எல்லாவற்றையும் உன் அப்பா கட்டிங் வேஸ்ட் மூட்டையோடு லோடு ஏற்றிவிட்டார். ஒரு விசேஷ வீட்டுக்கு நான் தலைநிமிர்ந்து போக முடிவதில்லை. அதெல்லாம் கிடக்கட்டும்.

செல்வக்குமாரின் அம்மாவிடம் நம்பர் வாங்கி, கிட்டுசாமி மாமா உன்னைப் போனில் கூப்பிட்டாராமே. "பழசெல்லாம் போகுது கண்ணு, உங்கப்பன் மனசு மாறிட்டாரு, மாசமா இருக்கற புள்ளைக்குக் கட்டுச்சோறு விருந்து போட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாரு" என்றாராம். நீயும் பூரித்துப்போய் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாயாம். போதாக்குறைக்கு, உன் பேருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று உன் புருஷன் கேட்கிறானாம். அடி புத்தி கெட்டவளே, எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள்.

தைப் பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பி வருமே, அன்றைக்கு ஆவாரம்பூ பறிக்கப் போன காட்டிலேயே உன் அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கு வலி கண்டுவிட்டது. பூக்கூடைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் பிறந்தது. பூவோடு வந்தவள் என்று பூவாத்தாள் எனப் பேர் வைத்தார்கள். அவள் உன் அப்பாவின் தங்கை, உனக்கு அத்தை.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வர்ஷினி, நித்யஸ்ரீ என்று இருக்க, எனக்கு மட்டும் ஏன் கிழவி பேர் என்று அழுவாயே, அவள் கிழவியே ஆகவில்லை. சாகும்போது உன் வயதுதான். பூச்சி கடித்துச் செத்தாள் என்று உனக்குச் சொல்லி வைத்தோம். பாம்பும் இல்லை, பூச்சியும் இல்லை. அவளும் ஒருத்தனோடு தாராபுரம் போனவள். வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தவளை, "வா சாமி, எல்லாத்தையும் மறந்தாச்சு" என்று அவளைப் பெற்ற உன் அப்பாரு ஆள்விட்டு வரவழைத்தார். நான் உன் அண்ணனைக் கைக்குழந்தையாக வைத்திருந்தேன். முழங்கை வரைக்கும் வளையல் போட்டார்கள். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பால் குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பால் டம்ளரை உன் அப்பாவே கழுவிக் கவிழ்த்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் எரித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் நீ பிறந்தாய். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஒருத்தர் இருக்கும்போது அவர் பேரை இன்னொருத்தருக்கு வைப்பதில்லை, போன பிறகுதான் வைப்போம். உன் அப்பாவே உன்னை மடியில் கிடத்தி, காதில் பூவாத்தாள் என்று சொன்னார். போனவளே திரும்பி வந்துட்டாளுங்க என்று ஊரே பேசியது. உன்னை அதிகம் கொஞ்சியதும் அவர்தான்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் அண்ணி அனுசுயாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் செல்போனில் பார்த்து என்னென்னவோ பேர் எடுத்து வைத்திருந்தாள். உன் அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. பூவாத்தாள் என்று வைத்துவிட்டார். கிட்டுசாமி மாமாவே திடுக்கிட்டு, "ஏனுங்க மச்சான், பேருக்காரி உசுரோட இருக்கறப்ப எப்படீங்க?" என்று கேட்டார். உன் அப்பா சிரித்தார். "அதுக்கென்னுங்க, மொதல்ல பேரை வெச்சுப்போடலாமுங்க, மத்ததை அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். அன்று சாயந்திரம்தான் அந்த மாமா உனக்குப் போன் போட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. என்றைக்குமே வராதே. அம்மா சாகக் கிடக்கிறாள் என்றாலும் கிளம்பாதே. நானே போனில் அழுது கூப்பிட்டாலும் நம்பாதே, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நம்பரை மாற்று. உனக்குப் பெண் பிறந்தால் எந்தப் பூவின் பேரையும் வை, இந்த வீட்டுப் பேர் மட்டும் வேண்டாம்.

அண்ணன் குழந்தை இப்போது என் மடியில்தான் தூங்குகிறாள். அச்சாக உன் சாடை. வீட்டில் எல்லாரும் பேர் சொல்லிக் கொஞ்சுகிறார்கள். நான் மட்டும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நீ தீர்க்காயுசாக இரு, சாமி. இந்தக் குழந்தையை நான் பேர் சொல்லிக் கூப்பிடும்படி செய்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
சுப்பாத்தாள்.