ராகு காலத்துப் பதிவாளர்

ஒக்டோபர் 7, செவ்வாய், இரவு

மாப்பிள்ளை கத்தோலிக்கர். ஐயரா, பாதிரியாரா என்ற சண்டை வேண்டாமென்றுதான் மகள் பதிவுத் திருமணம் கேட்டாள். திருமண அனுமதிப்பத்திரம் ஞாயிறோடு காலாவதி. ஸ்காபரோ மண்டபம் அன்று நாலரைக்குத்தான் கிடைத்தது. எட்டுப் பேர் மறுத்தபின் இன்று ஒரு திருமணப் பதிவாளர் தொலைபேசியில் அகப்பட்டார்.

"அண்ணை, ஞாயிறு நாலரை ராகு காலமெல்லோ? நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"உது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு, தம்பி. இஞ்ச ஏழரைக்குத்தான் விடியுது, ஆறே முக்காலுக்குள்ள பொழுதுபடுது. ஞாயிறு ராகு காலம் பகலின்ர கடைசி எட்டிலொரு பங்கு, ஐஞ்சேகாலுக்குத்தான் தொடங்கும்."

அவர் கணக்குப் பார்த்தார். "ஓம், அப்ப வாறன். ஐஞ்சேகாலுக்குள்ள முடிக்கவேணும்."

முப்பது வருட நாத்திகன் நான், மதமில்லாத கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் கணித்திருக்கிறேன். மகளிடம் ஆள் கிடைத்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

நாலரை என்றால் எங்கள் ஆட்கள் ஐந்தரைக்கு முன் வந்ததில்லை. அதைப் பதிவாளரிடம் சொல்லவில்லை.