துக்க வீட்டுக்கும் வாருங்கள்

புனே,
டிசம்பர் 13.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஜெமிமா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இருப்பதாகச் சித்தி சொன்னார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவர் ஹர்ஷா. இங்கே பாலி மொழி படிக்கிறார், வீடு நாவலப்பிட்டியில். தபாலில் போட்டால் நத்தார் முடிந்துதான் வந்து சேரும் என்று சொன்னேன். கொட்டகலைக்கு, நம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக ஒத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். சிங்களத்தில் பேசி, தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். அவர் வரும் விமானத்திலேயே எனக்கும் இடம் போடச் சொல்லியிருந்தீர்கள். வாசலில் அவர் மட்டும் நின்றதைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் "சரிம்மா, ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பீர்கள். அதைக் கேட்டால் நான் அன்றே கிளம்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆசிரியர் நியமனத்தை நான் ஏற்கப் போவதில்லை. ஜனவரியில் வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று தெரியும். அதற்காக நீங்கள் எத்தனை அலுவலக வாசலில் நின்றீர்கள் என்பதும் தெரியும். ஆங்கிலம் வழியாக வந்த மராத்திக் கதைகளைப் படித்துவிட்டு, இவர்கள் சொந்த மொழியில் எப்படிச் சண்டை போட்டிருப்பார்கள், எப்படிக் கொஞ்சியிருப்பார்கள் என்று யோசித்தே என் கல்லூரிக் காலம் போயிற்று. இப்போதுதான் ஒரு பக்கத்தை அகராதி இல்லாமல் வாசிக்கிறேன். பாதியில் விட்டு வந்தால் மறுபடி தொடங்க மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இந்த மராத்திப் படிப்பை முடித்து, கதைகளை மராத்தியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரத் தெரிந்தவளாகத்தான் வருவேன்.

போன வாரம் வரை இவ்வளவு உறுதி இருக்கவில்லை. அம்மா போன பிறகு வரும் முதல் நத்தார். நீங்கள் அந்த வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பதை நினைத்து, தினமும் விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இங்கே கேம்ப் என்ற பகுதியில் தமிழ் ஆராதனைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அங்கே தேவநேசன் அங்கிள், பவுன் ஆன்ட்டி என்று ஒரு குடும்பம். திருநெல்வேலிக்காரர்கள், இரண்டு தலைமுறையாகப் புனேயில் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் ஆன்ட்டி, "என்னட்டி, காய் ஜாலா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்று, என்ன ஆச்சு என்பதைத் தமிழும் மராத்தியுமாக ஒரே மூச்சில் விசாரிப்பார். சனிக்கிழமை மாலை சபையார் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடப் போனபோது என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள்.

விஷ்ராந்த்வாடியில் ஒரு குடியிருப்புக்கு முன்னால் நடந்து வந்ததும், எங்களோடு வந்த ஷிபின் என்ற பையன் கிட்டாரை நிறுத்திவிட்டான். எல்லோரும் சத்தமில்லாமல் கடந்தோம். மேலே ஒரு பால்கனியில் காகித நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது சபையில் இருந்த ஆண்டனி என்ற தமிழருடைய வீடாம். ஜூலையில் இறந்துவிட்டார். "மொத வருசம்லா, துக்க வீட்டுக்குப் பாடப் போகக் கூடாது" என்றார் அங்கிள். நம் ஊரிலும் அதுதானே வழக்கம்.

நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் ஒரு பெண் படியிறங்கி ஓடிவந்தாள். ஆண்டனியின் மனைவி ஸ்நேஹா. மராத்திக்காரி, இந்துக் குடும்பம். இந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆண்டனி இருந்தவரை வருஷா வருஷம் வந்தீர்களே, அவர் போனதும் நான் உங்களுக்கு யாரோ ஆகிவிட்டேனா என்று மராத்தியில் கேட்டாள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் என்னைவிட நன்றாக மராத்தி வரும்.

ஆனால் நான்தான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை, அப்பா. என் அம்மாவும் இந்த வருஷம்தான் இறந்தார், எங்கள் வீட்டுக்கும் யாரும் பாட வர மாட்டார்கள், அது ஒதுக்குவது இல்லை, அழ விடுவது என்றேன். எத்தனை பிழை விட்டிருப்பேனோ. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவதற்கு எனக்கு வருஷம் முழுக்க இருக்கிறது, இன்றைக்கு மேலே வாருங்கள் என்றாள்.

அங்கிள்தான் முதலில் படியேறினார். "மூணு மாடியா, முட்டி தாங்காதுன்னு எல்லா வீட்டுலயும் கீழயே நின்னீங்க, இப்ப முட்டி எங்க போச்சு?" என்று ஆன்ட்டி பின்னாலிருந்து கேட்டார். ஸ்நேஹா ஒரு தட்டு நிறைய சோமாசு பொரித்து வைத்திருந்தாள். அவர்கள் கரஞ்சி என்கிறார்கள். ஆண்டனி எப்போதும் முணுமுணுக்கும் பாட்டையே கேட்டாள். பாடி முடித்ததும் மறுபடியும் கேட்டாள். இரண்டாம் முறை அவளும் கூடப் பாடினாள். தமிழ் அர்த்தம் தெரியாது. ஒரு சொல் தவறவில்லை.

அன்றுதான் முடிவு செய்தேன். நான் வந்திருந்தால் நாம் இருவரும் முன் விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருப்போம். உங்களுக்குத் துணை என்று நினைத்து அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே என் நத்தார் எப்படிப் போகும் என்று கவலைப்பட வேண்டாம். காலையில் தமிழ் ஆராதனை, மத்தியானம் பவுன் ஆன்ட்டி வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் ஸ்நேஹா வரச் சொல்லியிருக்கிறாள்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். நம் போதகருக்குச் செய்தி அனுப்பி, பாட்டுக் குழுவை நம் வீட்டுக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் தயங்கினார், அப்பா ஒத்துக்கொள்வார் என்று நானே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவைத் திறங்கள். அம்மா பெயரைச் சொல்லி அவர்கள் ஜெபிக்கும்போது உள்ளே எழுந்து போய்விடாதீர்கள். உங்களால் முடிந்தால், ஒரு வரியாவது கூடப் பாடுங்கள். நீங்கள் பாடியதாகச் சித்தி எனக்குச் சொல்ல வேண்டும்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக. என்னையும் ஆசீர்வதியுங்கள், அப்பா. நியமனத்தைப் பற்றி மனது ஆறிய பிறகு செய்தாலும் போதும்.

உங்கள் அன்பு மகள்,
ஜெமிமா