பச்சை நாக்கோடு பெண் பார்க்கப் போனது

மச்சான்,

காலையில் என் நரைக்குப் பூச மனைவி கிண்ணத்தில் டை கலக்கினாள். குப்பென்று அம்மோனியா வாடை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னொரு தரம் இழுத்து முகர்ந்தேன். உன் ஞாபகம்.

தாம்பரத்தைத் தாண்டி இருந்த நம் கம்பெனியில் உனக்கும் எனக்கும் ஒரே உலை. அம்மோனியம் மெட்டாவனடேட் என்ற வெள்ளைப் பொடியைத் தட்டுகளில் பரப்பிச் சூடேற்றுவோம். அம்மோனியா பறந்துபோகும், மஞ்சளும் ஆரஞ்சுமாக வனேடியம் பென்டாக்சைடு மிஞ்சும். காற்றுப் படாவிட்டால் கறுத்துத் தொலையும் என்பதால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். "கேசரி இன்னும் பதம் வரல, கிளறு கிளறு" என்பாய். அந்தத் தூசி வாய்க்குள் போனால் நாக்கு பச்சையாகிவிடும், நெஞ்சு கமறும். அதற்குத்தான் மாஸ்க். ஆனால் உன் வாய் சும்மா இருக்குமா? மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கதை பேசுவாய். பதில் சொல்ல நானும் இறக்குவேன்.

அப்படிப் பேசித் தீர்த்த ஒரு வாரக் கடைசியில்தான் பீர்க்கன்கரணைக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். கெமிக்கல் கம்பெனி மாப்பிள்ளை என்று அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இவளைப் போட்டோவில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிவிடுமோ என்று பயம். அன்று காலை கண்ணாடியில் பார்த்தால் பாசி பிடித்த மாதிரி நாக்கு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவர்கள் வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன், பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. அவள் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "தம்பிக்குப் பேச்சு வராதா?" என்று உன்னைக் கேட்டார்.

"அதெல்லாம் நல்லா வரும் சார். நாக்கு பச்சையா கீது, அதான் வெக்கப்படுறான்" என்று போட்டு உடைத்தாய். உன்னை அங்கேயே கொன்றுவிடலாம் போலிருந்தது. நீயோ உன் நாக்கையும் நீட்டிக் காட்டினாய். "என்னுதும் பாருங்க சார். ரெண்டு மூணு நாள்ல போயிடும். நாங்க செய்ற பொடிய வெச்சுதான் சல்ஃப்யூரிக் ஆசிட் பண்றாங்க. அந்த ஆசிட்தான் வாசல்ல நிக்குற உங்க ஸ்கூட்டர் பேட்டரில கீது."

ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல்தான் வந்தது. "மாஸ்க் தரமாட்டாங்களா?"

"தராங்கம்மா. பேசறதுக்காக நாங்கதான் கழட்டிடறோம்."

எல்லாம் போச்சு என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரே நிபந்தனை, மாஸ்க் இறங்கக் கூடாது. அதன்பிறகு உலைப் பக்கம் நாம் பேசியதே இல்லை. டீ நேரம் போதாமல் ஸ்டேஷன் வரை நடந்தே போய்ப் பேசினோம்.

போன வருஷம் மாரடைப்பில் நீ போய்விட்டாய். உன் காரியம் முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் அவள் சொன்னாள். "அன்னைக்கு உங்க முகத்தைக்கூட நான் சரியா பார்க்கல. மாஸ்க்கைக் கழட்டியாவது பேசணும்னு தோணுற மாதிரி ஒரு ஃப்ரெண்டு உங்களுக்கு இருக்கார்னா, உங்களை நம்பிக் கட்டிக்கலாம்னு நினைச்சேன்."

இத்தனை வருஷமும் என் அழகில் மயங்கித்தான் ஒத்துக்கொண்டாள் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருந்தேனே மச்சான், அப்படியில்லையாம். அவள் சம்மதித்தது நம் சிநேகிதத்துக்கு. நாங்கள் நன்றாக இருக்கிறோம். உனக்கு நன்றி சொல்லத்தான் நேரம் கிடைக்காமல் போய்விட்டது.